மூன்று பொட்டு மீனும் ஒரு விடுகைப் பத்திரமும்

கடலுக்குள் ஒரு நிமிடத்தில் பிடித்த மீனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று கிழமையாகப் பிடிக்க முடியவில்லை என்று என் தங்கையின் கணவர் கட்டாரிலிருந்து சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பகிடி இல்ல மச்சான், இந்த மாசம் முடியிறதுக்குள்ள அதப் பிடிக்காட்டி அரபி என்னத்தான் வெளிய எடுப்பான்" என்றார்.

மச்சான் எங்கள் கற்பிட்டிக் கடலில் சுழியோடியாக இருந்தவர். சங்கு, அட்டை, பின்னர் அலங்கார மீன். சிறிய கைவலையோடு முருகைக்கல் பாறைகளுக்கிடையே இறங்கி, வண்ண மீன்களை உயிரோடு பிடித்து, ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பைகளில் கொழும்பு ஏற்றுமதிக்காரர்களுக்கு அனுப்புகின்ற வேலை. பாறை முழுவதையும் மூடிவிட்டுக் கம்பால் குத்தி மீனைக் கிளப்புகின்ற மொக்ஸி வலையைச் சிலர் பாவித்தார்கள். 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் அதைத் தடைசெய்தன. தான் அதைத் தொடவேயில்லை என்று மச்சான் சொல்வார். நான் நம்புகிறேன், நம்பாமலும் இருக்கிறேன். 1998இல் கடல் சூடேறி எங்கள் பாறைத் தொடரின் மேற்பகுதி வெளிறிச் செத்த பிறகு அந்தத் தொழில் முன்னைப்போல் இருக்கவில்லை. கடைசியில் அவரும் ஊரில் பலரைப் போலவே கடல்கடந்து போனார். சாரதி வேலைக்கென்று போனவருக்கு, வீட்டுக்காரரின் வரவேற்பறையில் இருந்த ஆறடிக் கண்ணாடிக் கடலைப் பராமரிக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. உள்ளே உயிருள்ள முருகைகள், மேலே நீலமும் வெள்ளையுமாக விளக்குகள், அடியில் உப்புநீரைச் சுத்திகரிக்கும் இன்னொரு தொட்டி. ஏறத்தாழ அறுநூறு லீற்றர் நீர்.

பிரச்சினைக்குரிய மீன் எங்கள் கடலிலும் உள்ளதுதான். கன்னங்கரிய உடம்பு, நெற்றியில் ஒன்றும் இரு விலாவிலும் ஒவ்வொன்றுமாக மூன்று வெள்ளைப் பொட்டு. குஞ்சாக இருக்கும்போது கடற்சாமந்தியின் விரல்களுக்குள்ளும் கிளைவிட்ட முருகைகளுக்குள்ளும் கூட்டமாக ஒளிந்திருக்கும். பார்த்தால் கையில் எடுத்துக் கொஞ்சத் தோன்றும். வியாபாரத்தில் அதற்கு டொமினோ என்று பெயர். மலிவானது, எதையும் தாங்கும். ஆகவே புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் நீர் பதப்படும் வரை முதலில் இதைத்தான் விடுவார்கள். அந்த வீட்டிலும் அப்படித்தான் விட்டார்கள். நகக்கண் அளவில் வந்தது வருடங்கள் போக உள்ளங்கை அளவாயிற்று. பொட்டுகள் மங்கின. குணமும் மாறியது. தொட்டியின் வலதுபக்கப் பாறை முழுவதும் தனது என்றது, பிறகு நடுப்பகுதியும் தனது என்றது. புதிதாக விட்ட எதையும் விரட்டிச் செட்டை கிழித்தது. கடைசியில் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிய, முதுகில் நீண்ட கொடிபோல ஒரு முள் நிமிர்ந்து நிற்கும் சாதுவான சிறு மீன் சோடியில் ஒன்று, துரத்தல் தாங்காமல் நீருக்கு வெளியே பாய்ந்து தொட்டியின் பின்புறத் தரையில் காய்ந்து கிடந்தது. அன்றுதான் கட்டளை பிறந்தது.

இந்தச் சின்னச் சம்பவத்தில் என்ன தத்துவம் இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். எனக்கும் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. "அந்தக் கெட்ட மீனைப் பிடிச்சாச்சா?" என்று அடுத்த வெள்ளிக்கிழமை நானே கேட்டபோதுதான் அந்தச் சொல் என் காதிலேயே உறுத்தியது. கெட்ட மீன். மீன் எப்படிக் கெட்டதாக முடியும்?

ஒஸ்திரிய விலங்கு நடத்தையியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1963இல் வெளியிட்ட நூல் ஒன்றுக்குத் 'தீமை எனப்படுவது' என்ற கருத்தில் ஜெர்மன் மொழியில் பெயர் வைத்தார். அந்த நூல் தொடங்குவது புளோரிடாவின் முருகைப் பாறைகளில் அவர் கண்ட வண்ண மீன்களோடுதான். அவை ஏன் இவ்வளவு மூர்க்கமாகத் தம் இனத்தையே விரட்டுகின்றன என்ற கேள்வியிலிருந்து அவர் மனிதச் சண்டை வரைக்கும் போகிறார். பாறையில் உணவு மட்டு. ஒரே தொழில் செய்பவர்கள் ஒரே தெருவில் கடை போட்டால் இருவருக்கும் நட்டம் என்பதுபோல, ஒரே இன மீன்கள் தள்ளித் தள்ளி வாழ்வதற்கு அந்தச் சண்டை உதவுகிறது என்பது அவர் வாதம். அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் வேறு இனங்களையும் விரட்டுகின்ற மீன்களைக் கண்டு கணக்கைத் திருத்தினார்கள். டொமினோவின் உறவுக்கார மீன்களில் சில பாறையில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு தமக்கு வேண்டிய பாசியை மட்டும் வளர்க்கும், வேண்டாத பாசியைக் களைபிடுங்கி அப்பால் துப்பும், மேய வருகின்றவற்றை விரட்டும். நமது ஊரில் வெங்காயத் தோட்டத்துக்குள் மாடு புகுந்தால் நாம் செய்வதை விட அது அதிகமாக எதையும் செய்யவில்லை.

ஆனால் லோரன்ஸின் இன்னொரு நூல்தான் இந்த விடயத்துக்கு மிக நெருக்கமானது. 1949இல் வந்த அந்த நூல், பறவைகளோடும் விலங்குகளோடும் பேசிய சுலைமான் நபியின் மோதிரத்தைத் தன் ஆங்கிலத் தலைப்பில் வைத்திருக்கின்றது. அதில் ஒரு புறாக் கதை வருகிறது. சோடி சேரட்டும் என்று இருவேறு இனப் புறாக்களை ஒரே கூண்டில் விட்டுவிட்டு லோரன்ஸ் வியன்னா போகிறார். மறுநாள் திரும்பி வந்து பார்த்தால் ஒன்று மற்றதின் முதுகை உயிரோடு உரித்துக்கொண்டிருக்கிறது. சமாதானத்தின் சின்னம்! ஓநாய்கூடத் தோற்றுப் பணிந்த எதிரியை விட்டுவிடும், புறா ஏன் விடவில்லை? வெளியில் தோற்ற புறா பறந்துவிடும். பறந்துவிடுகின்ற எதிரியிடம் இரக்கம் காட்டப் புறா ஒருபோதும் பழக வேண்டியிருக்கவில்லை. கூண்டுதான் அந்தச் சண்டையைக் கொலையாக்கியது.

கடலில் எங்கள் மூன்று பொட்டுக்காரன் இன்னொன்றை விரட்டினால் அது நாலு பாகம் தள்ளிப்போய் வேறொரு கல்லுக்குள் நுழைந்துவிடும். விவகாரம் அவ்வளவில் முடிந்துவிடும். ஆறடிப் பெட்டிக்குள் நாலு பாகம் எங்கே இருக்கிறது? விரட்டப்பட்டது கண்ணாடியில் முட்டித் திரும்பவும் விரட்டுகின்றவனின் எல்லைக்குள்ளேயே வந்து விழுகிறது. அதைத் திமிர் என்று எண்ணி அவன் மீண்டும் பாய்கிறான். ஆகவே குற்றவாளி பெட்டியைச் செய்தவனே என்று நான் மச்சானிடம் சொன்னேன். சற்றே பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் கேட்டார்: "சரி மச்சான், அப்ப நான் அத விட்டுடவா? மத்த மீனும் ஒண்டொண்டா வெளிய பாயட்டுமா?"

படித்தவர்களாகிய நாம் அடிக்கடி வழுக்குகின்ற இடம் இது. குற்றம் யாருடையது என்று கண்டுபிடித்தவுடன் கடமை முடிந்ததென்று நினைத்துவிடுகிறோம். பெட்டியைச் செய்தவன்தான் குற்றவாளி என்றால், பெட்டிக்குள் நடப்பவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு. தரையில் காய்ந்து கிடந்த அந்தச் சிறு மீனும் பெட்டியைத் தெரிவு செய்யவில்லை. டொமினோவில் பிழையில்லை என்பது உண்மை. பிழையில்லாத ஒன்றையும் சில வேளை அகற்றத்தான் வேண்டும் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கையில் பிடித்திருப்பதுதான் கஷ்டம். ஒன்றை நழுவவிட்டால் மற்றது சுலபமாகிவிடுகிறது. மீன் கெட்டது என்று முடிவுகட்டிவிட்டால் அதை எப்படிப் பிடித்தாலும் சரிதான், மலகூடத்தில் ஊற்றினாலும் சரிதான். பிழையில்லாததை அகற்றுகின்றவனோ எப்படி அகற்றுவது, எங்கே கொண்டுபோய் விடுவது என்று இரவில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எப்படி என்பதை மச்சான் எனக்குக் கிழமைக்குக் கிழமை வகுப்பெடுத்தார். முதலில் வலை. இரண்டு கையிலும் இரண்டு வலை வைத்து மூலைக்குத் துரத்தினால் டொமினோ பாறை ஓட்டைக்குள் புகுந்துவிடும். அகப்படுவது எப்போதும் சாதுவான ஏதாவது ஒன்று. மணல் கலங்கும், முருகைக் கிளை முறியும், எல்லா மீன்களும் ஒருநாள் முழுக்க ஒளிந்திருக்கும். ஒருவனைப் பிடிக்க ஊரையே சுற்றிவளைப்பதுபோல. இரண்டாவது வழி, பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நீரையும் முக்கால்வாசி இறைத்துவிடுவது. மீன் நிச்சயம் அகப்படும். ஆனால் வருடக்கணக்காக வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிய முருகைகள் பிரியும், சில பிழைக்காது. மூன்றாவது தூண்டில். மிகச் சிறிய கொளுவியின் முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டு இறால் துண்டு கொளுவினால், பசித்த டொமினோ ஒரே பாய்ச்சலில் வரும். மற்ற ஒருவருக்கும் தொந்தரவில்லை, வேதனை அதற்கு மட்டும். மீனுக்கு வேதனை உண்டா என்பது பழைய தர்க்கம். 2003இல் ஸ்கொட்லாந்தில் ட்ரவுட் மீனின் வாயைச் சுற்றி நோவை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை லின் ஸ்னெடனும் அவரோடு சேர்ந்தவர்களும் காட்டிய பிறகு, இல்லை என்று அடித்துச் சொல்வது கடினமாகிவிட்டது. ஆயிரக்கணக்கில் தூண்டிலில் மீன் பிடித்த மச்சான் இதற்கு மட்டும் தூண்டில் போட மறுத்தார். காரணம் கேட்டேன். "அது சாப்பிடுறதுக்குப் பிடிக்கிறது, இது வேற" என்றார். அந்த வேறுபாட்டை நான் இன்னமும் முழுமையாக விளங்கிக்கொள்ளவில்லை, ஆனால் அதில் ஏதோ இருக்கிறது.

நாலாவது கூடு. ஒன்றரை லீற்றர் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகினால் எங்கள் ஊர் மீன்கூடுதான். அவர் பாவித்தது கதவு வைத்த தெளிந்த பிளாஸ்டிக் பெட்டி. கதவில் நூல் கட்டி, நூலின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு தூரத்தில் ஒரு கதிரையில் இருக்க வேண்டும். முதல் நாளில் கதவைப் பூட்டக் கூடாது. பெட்டிக்குள்ளேயே உணவு போட்டு, நாலைந்து நாள் எல்லா மீன்களும் பயமின்றி உள்ளே போய்வரப் பழக்க வேண்டும். மற்ற மீன்கள் முதல் நாளே உள்ளே போயின. டொமினோ மட்டும் வாசலில் நின்று பார்த்தது. ஆறாம் நாள்தான் தலையை நுழைத்தது.

யாருக்கும் காயமில்லாத வழி இதுவே. ஆனாலும் என் மனதில் ஒரு முள். இமாம் புகாரி பற்றி நம்மவர்கள் சொல்லும் கதையொன்று உண்டு. ஹதீஸ் கேட்க ஒருவரைத் தேடி நெடுந்தூரம் போனாராம். அந்த மனிதர் தப்பியோடிய தன் குதிரையை, தீனி இருப்பதுபோல் பாவனை காட்டிக் கூப்பிட்டாராம். தீனி இல்லை என்று அறிந்ததும், மிருகத்தை ஏமாற்றுகின்றவரிடம் நான் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று புகாரி திரும்பிவிட்டாராம். கதையின் ஆதாரம் பற்றி அறிஞர்கள் வேறு சொல்லக்கூடும். மீன்கூட்டில் தீனி உண்மையாகவே இருந்தது, அந்த மட்டில் பொய்யில்லை. ஆனால் தீனியோடு ஒரு நம்பிக்கையும் கொடுக்கப்பட்டது. ஆறாம் நாள் இழுத்தது அந்த நம்பிக்கையின் நூலைத்தான். வலையும் தூண்டிலும் உடம்பை நோகடிக்கின்றன, கூடு வேறொன்றைச் செய்கின்றது. வேறு வழி இருந்திருந்தால் நல்லது. இருக்கவில்லை.

உண்மையில் இருக்கவில்லையா? இதையும் நான் கேட்டேன். அகற்றுவதற்கு முன் செய்து பார்க்கக்கூடியவை சில உண்டு என்பதை மச்சான் அப்போதுதான் சொன்னார், அவற்றைச் செய்தும் பார்த்திருந்தார். பாறைகளை இடம் மாற்றி அடுக்கினால் எவருடைய எல்லையும் எவருக்கும் தெரியாது, எல்லோரும் ஒரே நாளில் புதியவர்களாகிவிடுவார்கள். கண்ணாடிக்கு வெளியே முகம்பார்க்கும் கண்ணாடியொன்றைச் சாய்த்து வைத்தால் சண்டைக்காரன் தன் நிழலோடேயே மல்லுக்கட்டிக் களைப்பான், அதற்குள் புதியவன் ஓர் ஓட்டை தேடிக்கொள்வான். (2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், மற்ற மீன்களைத் துப்புரவாக்கும் ஒரு சிறு மீன் கண்ணாடியில் தெரிவது தானே என்று அறிந்துகொள்வதாக எழுதினார்கள். டொமினோவுக்கு அந்த அறிவு வாய்க்கவில்லைப் போலும்.) சண்டைக்காரனையே துளையிட்ட பெட்டிக்குள் ஒரு கிழமை அடைத்து, தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுவதும் ஒரு வழி. ஆனால் அதற்கும் அதை முதலில் பிடித்தாக வேண்டுமே! பாறை மாற்றியதில் பத்து நாள் அமைதி இருந்ததாம். பிறகு பழையபடி.

பிடித்தாயிற்று. அடுத்து எங்கே? "கடல்ல விட்டுடுங்களன்" என்றார் என் தங்கை, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர். யாருக்கும் முதலில் தோன்றுகின்ற கருணை இது. ஆனால் பல தேசத்து மீன்கள் வாழ்ந்த தொட்டிநீரில் எந்த நோயை அது சுமந்திருக்கிறதென்று யார் கண்டது? இந்து, பசுபிக் சமுத்திரங்களுக்குரிய சிங்கமீன் 1985இல் புளோரிடாக் கரையில் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே மூலம் என்பது பரவலான முடிவு. இன்று கரீபியன் பாறைகளின் சிறுமீன்களை அது தின்று தீர்க்கிறது. நமது நாட்டிலும் கண்ணாடித் தொட்டிகளைத் துப்புரவாக்கவென்று கொண்டுவந்த 'டேங்க் கிளீனர்' மீன் குளங்களில் பெருகி நன்னீர் மீனவரின் வலையைக் கிழிக்கிறது. யாரோ ஒருவர் கொல்ல மனமின்றி விட்டதுதான். அகற்றுவது என்றால் வெளியே போடுவது என்று நினைக்கிறோம். வெளியே என்று நாம் சொல்லும் இடம் வேறொருவரின் உள்ளே.

லோரன்ஸிடம் இன்னொரு தடவை திரும்ப வேண்டியிருக்கிறது, இம்முறை அவருக்குப் பெருமையில்லாத இடத்துக்கு. 1938இல் அவர் நாஸிக் கட்சியில் சேர்ந்தார். 1940இல் எழுதிய ஒரு கட்டுரையில், வளர்ப்பு விலங்குகளில் வருகின்ற சீர்கேடு நாகரிக மனிதரிலும் வருகின்றதென்றும், அப்படிப்பட்டவர்களைக் களைந்தெடுக்க வேண்டுமென்றும் வாதிட்டார். 1973இல் நோபல் பரிசு கிடைத்தபோது இது திரும்பவும் பேசப்பட்டது. பிற்காலத்தில் அவர் வருந்தினார். தீமை 'எனப்படுவது' என்று மீன்களுக்கு அவ்வளவு நிதானமாகச் சந்தேகத்தின் பயனைக் கொடுத்த அதே பேனா, மனிதருக்கு அதைக் கொடுக்கவில்லை. மீனிலிருந்து மனிதனுக்குத் தாவுகின்ற எவரும், நான் உட்பட, இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இருந்தும் நான் தாவுகிறேன். தாவாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஆறு வருடங்களுக்கு முன் நான் கற்பித்த ஒரு பாடசாலையில் ஒன்பதாம் தரத்தில் ஒரு பையன் இருந்தான். வயதுக்கு மீறிய உடம்பு. சிறுவர்களை அடிப்பான், சாப்பாட்டைப் பறிப்பான். ஒருநாள் இன்னொரு பையனின் பல் உடைந்தது. ஒழுக்காற்றுக் குழுவில் நானும் இருந்தேன். பெற்றோர் அதிபரின் அறைக்கு முன் கூடி நின்றார்கள். அரை மணித்தியாலத்தில் விடுகைப் பத்திரம் கொடுப்பதென முடிவாயிற்று. தீர்மானத்தில் எனது கையொப்பமும் உண்டு. வேறு பாடசாலையில் சேரலாம் என்று அவனுடைய உம்மாவிடம் நானே சொன்னேன். கிட்டிய மற்றப் பாடசாலைக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் என்பது எனக்குத் தெரியும். அவன் எங்கும் சேரவில்லை.

பல் உடைந்த பையனைப் பாதுகாக்க வேண்டியிருந்தது, அதை நான் இன்றும் மறுக்கவில்லை. என்னை உறுத்துவது வேறு. நாற்பத்திரண்டு பிள்ளைகளை இருபது அடி அறைக்குள், பதினைந்து வாங்குகளில் அடைத்து வைத்திருந்தோம். இருக்கைகளை ஒரு தடவையாவது மாற்றி அடுக்கிப் பார்க்கவில்லை. அவனை ஒரு கிழமை நூலகத்தில் என்னோடு வைத்திருந்து பார்க்கவில்லை. காலையில் அவன் சாப்பிட்டு வருகிறானா என்று கேட்கவில்லை. மீனுக்கு வெட்கம் வராது, திருந்தவும் தெரியாது. அந்த மீனுக்காக மச்சான் மூன்று கிழமை கதிரையில் நூலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பேசத் தெரிந்த, அழத் தெரிந்த ஒருவனுக்கு நாங்கள் அரை மணித்தியாலம் கொடுத்தோம். அத்துடன் ஒரு சொல்லையும் எழுதினோம்: 'ஒழுக்கக்கேடு'. அகற்றுவதாக இருந்தால் அகற்றியிருக்கலாம், அந்தச் சொல்லை எழுதாமல் விட்டிருக்கலாம்.

அவன் போன தவணைக்கு அடுத்த தவணையில், அதுவரை அவனுக்குப் பயந்து மூலையில் இருந்த ஒருவன் சிறுவர்களின் சாப்பாட்டைப் பறிக்கத் தொடங்கினான். நான் ஆச்சரியப்பட்டேன். மச்சான் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார். டொமினோவை எடுத்த நாலாம் நாள், அதுவரை பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்த கோமாளி மீன் ஒன்று வலதுபக்கப் பாறையைத் தனதாக்கிக்கொண்டு மற்றவற்றைக் கடிக்கத் தொடங்கிவிட்டதாம்.

கடைக்காரர் டொமினோவைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார், உள்ளங்கை அளவு சண்டைக்காரனை யார் வாங்குவது? கொன்றுவிடச் சொன்ன வீட்டுக்காரரிடம், நாளை பார்ப்போம் என்று மச்சான் இழுத்தடித்துக்கொண்டே இருக்கிறார். கீழேயுள்ள சுத்திகரிப்புத் தொட்டியின் ஒரு தடுப்புக்குள், ஒரு துண்டுப் பாறையும் வைத்து, அதை விட்டிருக்கிறார். வெளிச்சம் குறைவு. விரட்டுவதற்கு ஒருவருமில்லை. இப்போது கையிலிருந்தே இறால் வாங்கித் தின்கிறதாம்.

போன கிழமை அந்தப் பையனைப் படகுத்துறையில் கண்டேன். ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். மீசை வைத்திருந்தான். என்னைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சேர், சுகமா இருக்கிறீங்களா?" என்றான். சுகம் என்றேன். இரண்டு கட்டாப்பாரையைத் தாளில் சுற்றித் தந்தான். காசு வாங்க மறுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தேன். யார் தந்தது என்று கேட்டாள். படிப்பித்த பையன் என்றேன்.